சின்ன காருக்கு டர்போவா, வேறு இன்ஜினா: முடிவெடுப்பதிலிருந்து முதல் ஓட்டம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கார் சின்னது, கைக்கு அடக்கமானது, ஓட்டவும் பிடித்திருக்கிறது. ஆனால் மேடு ஏறும்போதும் லாரியை முந்தும்போதும் இழுவை போதவில்லை. காரை மாற்ற மனமும் இல்லை. இந்த நிலைக்கு வந்தவர்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. இருக்கிற இன்ஜினுக்கே டர்போ போடலாம், அதாவது எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவியைப் பொருத்தலாம். இல்லையென்றால் அதை இறக்கிவிட்டு இன்னும் பெரிய இன்ஜின் ஒன்றை ஏற்றலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டர்போ போட்டால் பிஸ்டன் தொடங்கி சக்கரம் வரை காரில் ஏற்கெனவே இருக்கும் ஒவ்வொரு பாகத்தின் மேலும் சுமை கூடும். பொருத்தும் வேலை முடிந்த பிறகும் அந்த இன்ஜினைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்ஜின் மாற்றத்தில் கஷ்டம் எல்லாம் முன்னாலேயே வந்துவிடும். அளவெடுப்பது, வெல்டிங், வயரிங் என்று உயிரை வாங்கும். ஒழுங்காக முடித்துவிட்டால் அப்புறம் அது சாதாரண கார்தான். எனவே குதிரைத்திறனை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் காரையும் இன்ஜினையும் அளந்து பார்த்து, எந்தக் கஷ்டத்தை உங்களால் தாங்க முடியும் என்று முடிவு செய்யுங்கள். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன. எல்லாம் பெட்ரோல் இன்ஜினுக்கானவை.

படி 1: எவ்வளவு வேண்டும் என்று எழுதி வையுங்கள்

கணக்குப் போட ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம்: 1.3 லிட்டர், நான்கு சிலிண்டர், 85 குதிரைத்திறன், 110 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). இதற்கு 0.5 பார் பூஸ்டில் (வெளிக் காற்றழுத்தத்துக்கு மேல் டர்போ தரும் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட்; பார் என்பது அழுத்த அலகு) அடக்கமான டர்போ ஒன்று போட்டால், எல்லாம் ஒழுங்காக இருந்தால், 115 குதிரைத்திறனும் 150 நியூட்டன் மீட்டரும் எதிர்பார்க்கலாம். அதே இடத்தில் டர்போ இல்லாத 1.6 லிட்டர் இன்ஜினை வைத்தாலும் ஏறக்குறைய அதே எண்கள்தான் வரும்.

இந்தக் கணக்கைப் பார்த்த உடனேயே பலருக்குப் பாதி முடிவு வந்துவிடும். தேவை 30 குதிரைத்திறன் கூடுதல்தான் என்றால் இரண்டு வழியும் திறந்திருக்கின்றன. இரண்டு மடங்கு வேண்டும் என்றால் எந்த வழியில் போனாலும் கியர்பாக்ஸ், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் மாற்ற வேண்டிய பெரிய வேலை அது. கேட்பது வெறும் மேடேறும் இழுவை என்றால் அடைத்துப்போன ஏர் ஃபில்டர், தேய்ந்த ஸ்பார்க் பிளக், இழுபடும் பிரேக், நழுவும் கிளட்ச் ஆகியவற்றை முதலில் பாருங்கள். புதிதாக இருந்தபோது அந்த இன்ஜின் கொடுத்த பவரில் ஒரு பங்கு இப்போது வராமல் இருக்கலாம்.

படி 2: இருக்கிற இன்ஜினின் உடல்நிலையைச் சோதியுங்கள்

இதைத் தாண்டிப் போகவே கூடாது. இன்ஜினைச் சூடாக்கி, எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று போதும். எண்களுக்கு இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஏதாவது ஒரு சிலிண்டர் குறைவாகக் காட்டினால் அதில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது லீக்டவுன் டெஸ்ட். பிஸ்டனை மேலே நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து, எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. 10 சதவீதத்துக்குள் என்றால் நல்ல இன்ஜின். 20-ஐத் தாண்டினால் அதில் டர்போ வைக்க நினைக்க வேண்டாம். காது கொடுத்துக் கேட்டால் கசியும் இடமும் தெரிந்துவிடும். ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் மூடியில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

தேறாத இன்ஜினுக்கு டர்போ போடுவதானால் முதலில் முழு ரீபில்ட் செய்ய வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் இன்ஜின் மாற்றமே மலிவாக வரும்.

படி 3: கம்ப்ரஷன் விகிதத்தைக் கண்டுபிடியுங்கள்

சிலிண்டருக்குள் வந்த காற்றை பிஸ்டன் எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பதுதான் இந்த எண். டர்போ போடலாமா வேண்டாமா என்பதை இதுதான் அதிகம் தீர்மானிக்கிறது. டர்போ இல்லாத இன்ஜினில் பிஸ்டன் காற்றை நன்றாக இறுக்கினால்தான் பவர் வரும். அதனால் 10:1, 11:1 என்று வைத்திருப்பார்கள். அதற்குள் இன்னும் அழுத்தமான, இன்னும் சூடான காற்றைத் தள்ளினால், பிளக்கின் பொறியில் தொடங்கிய தீ பரவி முடிவதற்குள் மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும். அதுதான் நாக்கிங். தொடர்ந்து நடந்தால் பிஸ்டனின் ஓரம் அரிக்கப்படும், ரிங் உட்காரும் மேடு உடையும், ஹெட் கேஸ்கெட் போகும்.

டர்போவோடு விற்பனைக்கு வந்த முதல் கார்களே இந்தச் சிக்கலைச் சந்தித்தவைதான். 1962-ல் வந்த ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயரின் கம்ப்ரஷன் 10.25:1. நாக்கிங்கைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒன்றைத் தனித் தொட்டியிலிருந்து இன்ஜினுக்குள் பீய்ச்சினார்கள். அந்தத் தொட்டி காலியானால் பூஸ்டைக் குறைக்கும் ஏற்பாடும் வைக்க வேண்டியிருந்தது. அதை மறக்காமல் நிரப்புவது உரிமையாளரின் பொறுப்பு. அது பலருக்கு ஒத்துவரவில்லை.

நான் கடைப்பிடிக்கும் கோடு இது. 9:1 வரை இருந்தால் 0.5 பார் பூஸ்டுக்குத் தைரியமாகப் போகலாம். 9-க்கும் 10-க்கும் இடையில் என்றால் நல்ல இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்), நாக்கிங்கைத் தாங்கும் உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல், கவனமான டியூனிங் மூன்றும் வேண்டும். 10.5-க்கு மேல் என்றால் பிஸ்டனை மாற்றுங்கள், இல்லை இன்ஜினையே மாற்றுங்கள். தடிமனான ஹெட் கேஸ்கெட் போட்டு விகிதத்தைக் குறைக்கும் வழியும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே கலவையைச் சுழற்றிவிடும் குறுகிய இடைவெளி அகன்றுவிடும், நாக்கிங்கைத் தடுக்கும் இயற்கையான உதவி போய்விடும்.

இன்றைய புதிய டர்போ கார்கள் 10:1-லும் ஓடுகின்றனவே என்று கேட்கலாம். அவற்றில் பலவற்றில் பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பாய்கிறது. அங்கே ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கிறது. இன்டேக் பைப்பில் பெட்ரோல் தெளிக்கும் பழைய இன்ஜினுக்கு அந்தச் சலுகை கிடையாது.

படி 4: கியர்பாக்ஸ் எவ்வளவு தாங்கும்?

கியர்பாக்ஸை உடைப்பது குதிரைத்திறன் இல்லை, டார்க். 110 நியூட்டன் மீட்டருக்காகச் செய்த கியர்பாக்ஸுக்கு 150 கொடுத்தால், மெதுவாக ஓட்டுபவரிடம் பல வருடம் தாங்கலாம். கிளட்சைச் சட்டென்று விட்டுக் கிளப்புபவரிடம் மூன்றாவது கியரின் பல் சீக்கிரமே போகலாம். அதே கியர்பாக்ஸை அந்தக் கம்பெனி வேறு எந்தக் காரில், எந்தப் பெரிய இன்ஜினோடு பயன்படுத்தியது என்று தேடுங்கள். அந்த இன்ஜினின் டார்க்தான் நீங்கள் நம்பக்கூடிய எல்லை.

இந்தத் தேடலில் இன்னொரு பலனும் உண்டு. அந்தப் பெரிய இன்ஜின் உங்கள் கியர்பாக்ஸோடு நேராகப் பொருந்தும் என்றால், மாற்ற வேண்டிய இன்ஜின் எது என்பதற்கு விடையும் அங்கேயே கிடைத்துவிடும்.

படி 5: வழியைத் தேர்ந்தெடுங்கள்

கம்ப்ரஷன் குறைவு, இன்ஜின் ஆரோக்கியம், கியர்பாக்ஸ் தாங்கும், ஈசியுவை (பெட்ரோலையும் இக்னிஷனையும் கட்டுப்படுத்தும் இன்ஜின் கம்ப்யூட்டர்) டியூன் செய்யத் தெரிந்தவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறார். இந்த நான்கும் அமைந்தால் டர்போவுக்குப் போங்கள். நான்காவது இல்லையென்றால் மற்ற மூன்றும் இருந்து பயனில்லை. அதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் டர்போ கிட் வாங்கும் ஆர்வத்தில் கடைசியாக யோசிக்கப்படுவது அதுதான்.

அதே குடும்பத்தைச் சேர்ந்த பெரிய இன்ஜின் கிடைக்கும் என்றால் நான் யோசிக்காமல் மாற்றத்தின் பக்கம் போவேன். நல்ல உதாரணம் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. அதன் 1.6 லிட்டர் இருந்த இடத்தில் அடுத்து வந்த 1.8 லிட்டர் இன்ஜின் அதிகச் சிரமமில்லாமல் உட்காரும், ஏனென்றால் இரண்டும் ஒரே குடும்பம்.

எதிர் உதாரணம் 1990-களின் ஹோண்டா சிவிக். அதில் ஹோண்டாவின் டி சீரிஸ் இன்ஜினுக்குப் பதிலாக பி சீரிஸ் இன்ஜின் வைப்பது தெளிந்த பாதை. 2001-ல் வந்த கே சீரிஸை வைப்பது வேறு கதை. டி, பி இரண்டும் எதிர்க்கடிகாரத் திசையில் சுழல்பவை. கே கடிகாரத் திசையில் சுழல்வது. இன்ஜின் உட்காரும் பக்கமே மாறிவிடுகிறது. அதனால் மவுண்ட், டிரைவ் ஷாஃப்ட், கியர் லிங்கேஜ் எல்லாம் புதிதாக வேண்டும். கிட் விற்பவர்கள் பலர் இருப்பதால் இன்று அது முடியும். ஆனால் 'ஒரே கம்பெனி' என்பதும் 'ஒரே குடும்பம்' என்பதும் ஒன்றல்ல.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு: தொழிற்சாலையிலேயே டர்போவோடு செய்த இன்ஜினை ஏற்றுவது. 1987-ல் சுஸுகி ஆல்டோ ஒர்க்ஸ் 543 சிசி இன்ஜினில் 64 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்) எடுத்தது. அந்த மாதிரி இன்ஜின்களில் பிஸ்டன், எரிபொருள், ஈசியு எல்லாம் பூஸ்டுக்காகவே அமைந்தவை. இரண்டு தலைவலியில் மோசமான பாதியை அவர்களே தீர்த்துவைத்திருக்கிறார்கள்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் காரில் கை வைக்கும் முன் பதிவு விதியையும் இன்ஷூரன்ஸையும் விசாரியுங்கள். இன்ஜின் எண் பதிவுச் சான்றில் இருக்கும் இடங்களில் மாற்றத்துக்கு முன்அனுமதி தேவைப்படலாம். புகைப் பரிசோதனையும் அதன்படி மாறலாம்.

படி 6, டர்போ வழி: காற்று, பெட்ரோல், ஆயில்

முதலில் காற்று. காற்றை அழுத்தினால் சூடாகும். 27 டிகிரியில் உள்ளே வரும் காற்றை 0.5 பார் பூஸ்டுக்கு அழுத்தினால், சாதாரணத் திறன் கொண்ட கம்ப்ரஸரிலிருந்து (டர்போவில் காற்றை அழுத்தும் பகுதி) ஏறத்தாழ 80 டிகிரியில் வெளியே வரும். அந்தச் சூட்டில் அதன் அடர்த்தி 27 சதவீதம்தான் கூடியிருக்கும். இன்டர்கூலர் வைத்து 45 டிகிரிக்கு இறக்கினால் 40 சதவீதம் கிடைக்கும், நாக்கிங் அபாயமும் குறையும். சிறிய பூஸ்டுக்கு இன்டர்கூலர் வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு எனக்கு அதில் உடன்பாடில்லை.

டர்போவின் அளவை இன்ஜினின் காற்றுத் தேவையை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் 1.3 லிட்டர் 6000 ஆர்பிஎம்மில் 0.5 பார் பூஸ்டோடு ஓடும்போது நிமிடத்துக்கு சுமார் 5.8 கிலோ காற்றை விழுங்கும். அந்த எண்ணை டர்போ தயாரிப்பாளர் தரும் கம்ப்ரஸர் மேப் என்ற வரைபடத்தில், 1.5 அழுத்த விகிதத்தில் வைத்துப் பாருங்கள். புள்ளி வரைபடத்தின் நடுப்பகுதியில் விழ வேண்டும். இடது ஓரக் கோட்டுக்கு வெளியே போனால் காற்று பின்னால் திரும்பித் துடிக்கும். வலது ஓரத்தில் விழுந்தால் டர்போ தன் எல்லையில் சுழன்று காற்றைச் சுட வைக்கும். சின்ன காருக்குச் சின்ன டர்போதான் அழகு. 2500 ஆர்பிஎம்மில் பூஸ்ட் வந்தால்தான் தினசரி ஓட்டத்தில் அதன் சுகம் தெரியும்.

அடுத்து பெட்ரோல். டர்போ இன்ஜினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 270 கிராம் பெட்ரோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 115 குதிரைத்திறனுக்கு அது மணிக்கு 42 லிட்டர், நிமிடத்துக்கு 700 சிசி. நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் தலா 175. இன்ஜெக்டர் 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்பதால் 220 சிசி அளவுள்ள இன்ஜெக்டர் வேண்டும். 85 குதிரைத்திறனுக்குக் கணக்கிட்ட அசல் இன்ஜெக்டரில் இவ்வளவு மிச்சம் இருக்காது. பெட்ரோல் பம்பும் முழு பூஸ்டில் அழுத்தம் குறையாமல் அந்த அளவைத் தள்ள வேண்டும்.

அசல் ஈசியுவின் மேப் சென்சார் (இன்டேக் மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தைப் பார்ப்பது) வெளிக் காற்றழுத்தம் வரைக்கும்தான் அளக்கும். பூஸ்ட் வந்தால் அதற்கு எதுவும் தெரியாது. பெட்ரோல் பத்தாமல் கலவை மெலிந்து, பிஸ்டன் உருகும் இடம் இதுதான். பூஸ்டை அளக்கும் சென்சாரும், அதைப் புரிந்துகொள்ளும் ஈசியுவும் கட்டாயம். எரிபொருள் அழுத்தத்தை மட்டும் ஏற்றி ஈசியுவை ஏமாற்றும் பழைய உத்தியில் பெட்ரோல் கூடும், இக்னிஷன் டைமிங் பின்னுக்கு வராது. இந்தக் காலத்தில் அதைச் செய்யக் காரணமே இல்லை.

ஆயில் வழியில் கொஞ்சம் நிற்க வேண்டும். புதிதாக டர்போ வைத்த கார் நீலப் புகை விட்டால், டர்போ சீல் போய்விட்டது என்று சொல்லிக் கழற்றுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி வெளியே வரும் ஆயில் பைப்தான். டர்போவுக்குள் ஆயில் அழுத்தத்தோடு போகிறது. வெளியே வரும்போது அழுத்தம் எதுவும் இல்லை, நுரைத்துப்போன ஆயில் தன் கனத்தில் கீழே வடிந்தாக வேண்டும். ஆகவே வடிகுழாய் உள்ளளவு 16 மில்லிமீட்டராவது இருக்கட்டும். நேராகக் கீழ்நோக்கி இறங்கட்டும், நடுவில் தொங்கல் கூடாது. சம்ப்பில் (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தட்டு) நுழையும் இடம் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் ஆயில் டர்போவுக்குள்ளேயே தேங்கும். தண்டில் இருப்பது பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய வளையம்தான், ரப்பர் சீல் கிடையாது. தேங்கிய ஆயிலை அதனால் தடுக்க முடியாது, எக்ஸாஸ்டுக்குள் கசிந்து எரியும். சம்ப்பைக் கழற்றாமலே துளை போட்டு பைப் வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஒரு துணுக்கு இரும்புத் தூள் ஆயில் பம்புக்குப் போனால் போதும். சம்ப்பைக் கழற்றி, துளையிட்டு, வெல்டு செய்து, கழுவி மாட்டுங்கள்.

சிலிண்டர் ஹெட்டிலிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் காற்றோட்டக் குழாயில் ஒருவழி வால்வு வேண்டும். இல்லாவிட்டால் பூஸ்ட் அந்த வழியாக இன்ஜின் அடிவயிற்றுக்குள் போய் சீல்களைத் தள்ளும், மேலே சொன்ன வடிகாலையும் அடைக்கும்.

இன்ஜினைப் பிரித்தால் ரிங் இடைவெளியை அளக்காமல் மூடாதீர்கள். பூஸ்டில் மேல் ரிங் கூடுதலாகச் சூடாகி நீளும். இரண்டு முனைகளும் முட்டிக்கொண்டால் அது சிலிண்டரில் இறுகி பிஸ்டனின் மேடையைப் பெயர்த்து எடுக்கும். 74 மில்லிமீட்டர் சிலிண்டருக்கு, அடக்கமான பூஸ்டில், மேல் ரிங்கில் 0.33 முதல் 0.37 மில்லிமீட்டர் இடைவெளி விடலாம். பிஸ்டன் தயாரிப்பாளர் தனியாக எண் கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

மிச்சமுள்ளவை சின்ன வேலைகள். ஒரு படி குளிர்ந்த ஸ்பார்க் பிளக் போட்டு இடைவெளியை 0.7 மில்லிமீட்டருக்குக் குறையுங்கள். கிளட்சைக் கனமானதாக மாற்றுங்கள். டர்போவில் எக்ஸாஸ்ட் பாயும் டர்பைன் பக்கம் செந்தணலாகும், அதனால் பிரேக் பைப், வயர், பிளாஸ்டிக் எதுவும் அருகில் இருந்தால் வெப்பத் தகடு வையுங்கள். த்ராட்டிலை (ஆக்சிலரேட்டர் திறந்து மூடும் காற்றுக் கதவு) மூடும்போது அடைபடும் காற்று வெளியேற ஒரு வால்வு வேண்டும். இன்ஜினில் காற்றளவு மீட்டர் இருந்தால் அந்த வால்வின் காற்று மீட்டருக்குப் பின்னால் உள்ள இன்டேக் பைப்புக்கே திரும்ப வேண்டும், வெளியே ஊதக் கூடாது.

படி 6, மாற்று வழி: இன்ஜின் வாங்குவது முதல் வயரிங் வரை

முடிந்தால் இன்ஜினை மட்டும் வாங்காமல், அந்த இன்ஜின் இருக்கும் காரையே வாங்குங்கள். கழற்றும் முன் ஓடும் சத்தத்தைக் கேட்கலாம், படி 2-ன் சோதனைகளையும் அதில் செய்யலாம். அதைவிட முக்கியம், வெட்டுப்படாத வயரிங், ஈசியு, சாவி, பெடல், பிராக்கெட், டிரைவ் ஷாஃப்ட், சின்னச் சின்னக் குழாய் எல்லாம் சேர்ந்து கிடைக்கும். தனி இன்ஜின் மலிவாகத் தெரியும். அப்புறம் ஒவ்வொரு பிராக்கெட்டாகத் தேடி அலையும்போதுதான் கணக்கு புரியும். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு) உள்ள இன்ஜின் என்றால் ஈசியு, சாவி, சாவித்துளையைச் சுற்றியுள்ள வளையம் ஆகியவற்றை ஒரே காரிலிருந்து எடுங்கள். சிலவற்றில் மீட்டர் கன்சோலும் அந்தக் கூட்டில் சேரும்.

வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கிராங்க் முன்பின் சீல்கள், கிளட்ச் எல்லாவற்றையும் புதிதாக்குங்கள். உள்ளே போன பிறகு இதே வேலைக்குப் பத்து மடங்கு நேரம் ஆகும்.

உட்கார வைக்கும்போது வரிசை முக்கியம். பலர் பானட் மூடுகிறதா என்று முதலில் பார்ப்பார்கள். முன்சக்கர இழுவை காரில் முதலில் பார்க்க வேண்டியது கியர்பாக்ஸின் வெளியீட்டு மையமும் சக்கர மையமும் எவ்வளவு நேராக இருக்கின்றன என்பது. டிரைவ் ஷாஃப்ட் அதிகச் சாய்வில் ஓடினால் அதன் ஜாயின்ட் சீக்கிரம் போகும், ஸ்டியரிங்கும் ஒரு பக்கம் இழுக்கும். அதைச் சரிசெய்த பிறகு சம்ப் தரைக்கு மேலே எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, ஸ்டியரிங் ராக்கில் இடிக்கிறதா, எக்ஸாஸ்ட் எந்தப் பக்கம் வருகிறது என்று பாருங்கள். கடைசியில்தான் பானட். இன்ஜின் ஓடும்போது முன்னும் பின்னும் ஆடும். எந்தப் பக்கமும் 20 மில்லிமீட்டர் இடைவெளியாவது விடுங்கள்.

இந்த வேலைக்கு முழு இன்ஜினை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்க வேண்டாம். உள்பாகம் இல்லாத காலி பிளாக்கும் கியர்பாக்ஸும் இருந்தால் அதை வைத்தே அளந்துவிடலாம். இடம் முடிவானதும் மவுண்ட்களை அங்கங்கே ஒட்டுப் போட்டு, இன்ஜினை இறக்கி, முழு வெல்டிங்கை வெளியே செய்யுங்கள். இன்ஜினை உள்ளே வைத்தபடி வெல்டு செய்தால் மவுண்ட் ரப்பர் உருகிவிடும். பாடியில் வெல்டு செய்யும் முன் பேட்டரியையும் ஈசியுவையும் கழற்றிவிடுங்கள்.

வயரிங் பார்க்கப் பயமாக இருக்கும், காகிதத்தில் வரைந்துவிட்டால் அடங்கிவிடும். புது இன்ஜினின் சென்சார், இன்ஜெக்டர், காயில் எல்லாம் அதன் சொந்த வயரிங்கோடு ஈசியுவுக்குப் போகட்டும். அதில் கை வைக்காதீர்கள். காரோடு அது கைகோர்க்க வேண்டிய இடங்கள் கொஞ்சம்தான்: நிரந்தர மின்சாரம், சாவி போட்டால் வரும் மின்சாரம், எர்த், பெட்ரோல் பம்ப் ரிலே, ஃபேன், ஸ்டார்ட்டர், மீட்டர்களுக்குப் போகும் சிக்னல், ஏசி. இரண்டு காரின் சர்க்யூட் படத்தையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வயராகப் பெயர் எழுதி இணையுங்கள். பெடலிலிருந்து கேபிள் இல்லாமல் மின்சாரத்தில் இயங்கும் த்ராட்டில் என்றால் அதற்கான பெடலையும் மாற்ற வேண்டும்.

எர்த் வயர் விஷயத்தில் கவனம். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் தடித்த எர்த் பட்டையை மாட்ட மறப்பது இந்த வேலையில் அடிக்கடி நடப்பது. அப்போது ஸ்டார்ட்டர் இழுக்கும் முழு மின்னோட்டமும் வேறு வழி தேடி கிளட்ச் கேபிள் வழியாகவோ ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவோ பாயும். கேபிள் சூடாகி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். ஆக்சிலரேட்டர் கேபிள் அப்படி ஒட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ரேடியேட்டர் புது இன்ஜின் வந்த காரின் அளவுக்காவது இருக்கட்டும். எடை கூடினால் முன் ஸ்பிரிங்கும் மாற வேண்டும்.

படி 7: பிரேக், டயர்

இரண்டு வழிக்கும் இது பொது. அதே காரின் பெரிய இன்ஜின் மாடலில் வந்த டிஸ்க், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் ஆகியவற்றை முழு செட்டாகப் போடுவது பாதுகாப்பானது. டிஸ்க்கை மட்டும் பெரிதாக்கி மற்றதை விட்டால் முன்பின் பிரேக் சமநிலை கெடும். இதை முடிக்காமல் காரைச் சாலைக்கு எடுக்க வேண்டாம்.

படி 8: முதல் ஸ்டார்ட்டும் டியூனிங்கும்

பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, ஆயில் அழுத்தம் மீட்டரில் ஏறும் வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். டர்போ என்றால் அதன் ஆயில் துளையில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, டர்போவின் உள் சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு மாட்டியிருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் முதல் நிமிடம் கண் முழுக்க ஆயில் அழுத்தத்திலும் கசிவிலும் இருக்கட்டும்.

மாற்று ஈசியு வைத்திருந்தால் டைமிங் லைட்டை எடுத்து, கம்ப்யூட்டர் காட்டும் இக்னிஷன் டைமிங்கும் கிராங்க் புல்லியில் தெரிவதும் ஒன்றா என்று பாருங்கள். இது பொருந்தாமல் செய்யும் டியூனிங் எல்லாம் வீண்.

டர்போ இன்ஜினை முதலில் பூஸ்ட் இல்லாத பகுதியில் சீராக்குங்கள். அப்புறம் வேஸ்ட்கேட்டின் (மிஞ்சிய எக்ஸாஸ்டை டர்பைனுக்கு வெளியே திருப்பி பூஸ்டைக் கட்டுப்படுத்தும் கதவு) ஸ்பிரிங் மட்டும் தரும் குறைந்த பூஸ்டில், டைனோவில் (காரை நிறுத்தியபடி ஓட்டி பவரை அளக்கும் உருளை மேடை), கலவை விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்தபடி மேலே போங்கள். சாதாரண ஓட்டத்தில் காற்று-பெட்ரோல் விகிதம் 14.7 இருக்கலாம். முழு பூஸ்டில் 11.5-க்கும் 12-க்கும் இடையில் இருக்க வேண்டும். டைமிங்கைப் பின்னுக்கு வைத்துத் தொடங்கி, நாக்கிங் கேட்கும் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு டிகிரியாக முன்னேற்றுங்கள். டார்க் கூடுவது நின்ற இடத்தில் நிறுத்துங்கள். ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்ட் தானாகக் கூடிக்கொண்டே போனால் வேஸ்ட்கேட் வழி சிறியது என்று பொருள். அதைப் பெரிதாக்காமல் தொடரக் கூடாது.

மாற்றிய இன்ஜினுக்கு அதன் சொந்த ஈசியு என்றால் டியூனிங்கே தேவைப்படாது. எச்சரிக்கை விளக்கு எரிகிறதா, கூலிங்கில் காற்று அடைபட்டிருக்கிறதா, ஃபேன் சரியான சூட்டில் ஓடுகிறதா என்று பார்த்தால் போதும்.

படி 9: முதல் 1000 கிலோமீட்டர்

முதல் சில தடவை சூடாகி ஆறிய பிறகு, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, டர்போ நட்டுகளை மறுபடி முறுக்குங்கள். மவுண்ட் வெல்டிங்கில் கீறல் இருக்கிறதா, டிரைவ் ஷாஃப்ட் பூட் எங்காவது உரசுகிறதா, வயர் எதுவும் சூட்டில் இளகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ரீபில்ட் செய்த இன்ஜின் என்றால் ஆயிலை 500 கிலோமீட்டரிலேயே மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். மடிப்புகளில் பளபளக்கும் மெல்லிய தூள் இருந்தால் புது ரிங் பழகுவதால் வருவது. செம்பு நிறத்தில் செதில்கள் தெரிந்தால் அது பேரிங். அடுத்த ஸ்டார்ட்டுக்கு முன் சம்ப்பைக் கழற்றிப் பாருங்கள்.